தேர்தல் நேரத்துத் தொலைக்காட்சி: வன்னி வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

வடமாகாண சபைக்கு வடக்கு கடைசியாக வாக்களித்தது 2013 செப்டெம்பர் 21இல். மாகாணத் தேர்தல் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், தொலைக்காட்சிச் செய்தியின் பக்கச்சார்பு பற்றியும் கடிதங்கள் வரும். இம்முறை வந்தவற்றில் ஒரே விடயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். கட்சி, அலைவரிசைப் பெயர்களை எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் வைத்திருக்கிறோம். பதில் எல்லாருக்கும் பயன்பட வேண்டும் என்பதே காரணம்.

கேள்வி: இரவுச் செய்தி ஒரு பக்கம் சாய்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் வீட்டில் சொன்னால், "நீங்கள் மற்றக் கட்சிக்காரர், அதனால் அப்படித் தெரிகிறது" என்கிறார்கள். இதை நிரூபிக்க வழி உண்டா? (புதுக்குடியிருப்பு)

உண்டு. ஒரு கொப்பியும் நேரம் பார்க்க ஒரு போனும் போதும். வெளிநாட்டுத் தேர்தல் கண்காணிப்புக் குழுக்களின் ஊடகப் பிரிவினர் செய்வதும் அடிப்படையில் இதைத்தான்: நேரத்தை அளப்பது, தொனியைக் குறிப்பது.

முதலில் எதை அளப்பது என்று முடிவெடுங்கள். ஒரு அரச அலைவரிசை, ஒரு தனியார் அலைவரிசை, இரண்டினதும் பிரதான இரவுச் செய்தி, தொடர்ந்து 7 நாள். நாளைத் தெரிவு செய்யக் கூடாது. கோபம் வந்த நாளை மட்டும் எழுதி, மற்ற நாளை விட்டுவிட்டால் அந்தக் கொப்பிக்கு மதிப்பில்லை. இரண்டு செய்தியும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றை நீங்கள் பாருங்கள், மற்றதை அயலில் ஒருவரிடம் கொடுங்கள். அலைவரிசை பின்னர் யூரியூப்பில் ஏற்றும் பதிவையும் பார்க்கலாம். ஆனால் அதில் சில செய்திகள் வெட்டப்பட்டிருக்கும். ஆகவே இரண்டு அலைவரிசையையும் ஒரே வழியில் பார்க்க வேண்டும்: இரண்டும் நேரடியாக, அல்லது இரண்டும் யூரியூப்பில்.

ஒவ்வொரு அரசியல் செய்திக்கும் ஒரு வரி. அந்த வரி இப்படி இருக்கும்:

திங்கள் / 3ஆவது செய்தி / 1 நிமிடம் 50 விநாடி / கட்சி அ / வேட்பாளரின் சொந்தக் குரல் 35 விநாடி / தொனி சாதகம் / மறுதரப்புப் பதில் இல்லை / காட்சி: மேடை, மேலிருந்து எடுத்த கூட்டம்.

இதில் பலர் தவறவிடுவது சொந்தக் குரலை. ஒரு வேட்பாளரைப் பற்றி 2 நிமிடம் பேசிவிட்டு அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவிடாமல் செய்ய முடியும். மொத்த நேரத்தை மட்டும் கூட்டினால் அவருக்கு நிறைய இடம் கிடைத்தது போலத் தெரியும். அவர் பேசுவதும், அவரைப் பற்றிப் பேசுவதும் தனித்தனி நிரலில் வர வேண்டும்.

தொனியைக் குறிப்பதுதான் சிக்கலான வேலை. சாதகம், நடுநிலை, பாதகம் என்ற மூன்று மட்டும் போதும். ஐந்து தரம், பத்துப் புள்ளி என்று விரித்தால் ஆளுக்கு ஆள் மாறும். நடந்த சம்பவம் நல்லதா கெட்டதா என்பதைத் தொனியாக எடுக்காதீர்கள். ஒரு வேட்பாளர் கைதானால் அது அவருக்குக் கெட்ட செய்திதான், ஆனால் அதை நேராகச் சொன்ன அலைவரிசையின் தொனி நடுநிலையானது. வாசிப்பவரின் அடைமொழி, பின்னணி இசை, தெரிந்தெடுத்த படம், கடைசி வசனம் ஆகியவற்றைக் கொண்டு தீர்மானியுங்கள். ஒருவர் இன்னொருவரைத் தாக்கிப் பேசினால் இரண்டு வரி எழுத வேண்டும்: பேசியவருக்கு ஒன்று, தாக்கப்பட்டவருக்கு ஒன்று. இரண்டாவது வரியை எழுதாமல் விடுவதால்தான் வீட்டுக் கணக்குகள் பல பிழைக்கின்றன.

தொனியை இருவர் தனித்தனியாகக் குறிக்க வேண்டும், ஒருவர் கொப்பியை மற்றவர் பார்க்காமல். முடிந்தால் வேறு கட்சிக்கு வாக்களிப்பவரைச் சேருங்கள். பிறகு ஒப்பிட்டு, இருவரும் ஒத்துப்போகாத இடங்களை நடுநிலை என்று போடுங்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் விதி தெளிவில்லை என்று அர்த்தம். உட்கார்ந்து விதியைத் திருத்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

7 நாளும் முடிந்ததும் கூட்டுங்கள். உதாரணத்துக்கு, ஒரு அலைவரிசையில் அரசியல் செய்தி மொத்தம் 70 நிமிடம், அதில் கட்சி அ 31 நிமிடம், கட்சி ஆ 14 நிமிடம், ஏனைய ஐந்து கட்சிகளும் சேர்ந்து 25 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 44 வீதம், 20 வீதம், 36 வீதம். இதை வைத்து மட்டும் பக்கச்சார்பு என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கிழமை கட்சி அ மூன்று பெரிய கூட்டம் வைத்திருக்கலாம். இரண்டாவது அலைவரிசை இதற்குத்தான் தேவை. அதே கிழமையில் மற்ற அலைவரிசையும் கட்சி அ-வுக்கு 40 வீதத்துக்கு மேல் கொடுத்திருந்தால், காரணம் பெரும்பாலும் நிகழ்வுகள். அங்கே 25 வீதம், இங்கே 44 வீதம் என்றால், காரணம் செய்தி அறையின் தெரிவு.

கணக்கைக் கெடுக்கும் வேறு பிழைகளும் உண்டு. தலைப்புச் செய்தியில் வந்ததையும் உள்ளே வந்ததையும் இரண்டு செய்தியாக எண்ணுவது, விளம்பரத்தைச் செய்தியோடு கூட்டுவது, மறுஒளிபரப்பைச் சேர்ப்பது. எல்லாவற்றையும் விட மோசமானது, இடையில் எழுந்து போய்விட்டு "அந்த நேரம் ஒன்றும் வந்திருக்காது" என்று விடுவது. பார்க்காத நாளைப் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள்.

வன்னி வாசகர்களுக்கு இன்னும் ஒரு நிரலைச் சேர்க்கச் சொல்வோம்: செய்தி எங்கிருந்து, எதைப் பற்றி. தேர்தல் காலத்தில் தேசிய அலைவரிசைகளில் வன்னி வரும்போது காணி, விகாரை, காணாமல் ஆக்கப்பட்டோர் போராட்டம் என்று மோதலாகவே பெரும்பாலும் வருகிறது. அவை வர வேண்டியவையே. ஆனால் நெல்லின் கொள்வனவு விலை, யானை, முல்லைத்தீவுக் கடலில் தொழில், துணுக்காய்ப் பக்கத்துப் பஸ் பற்றி வேட்பாளர்களிடம் யாராவது கேள்வி கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். கேட்காமல் விட்ட கேள்வி நேரக்கணக்கில் தெரியாது. எங்கள் பார்வையில் வன்னி மக்களுக்குக் கூடுதலாக இழைக்கப்படும் அநீதி அதுதான்.

ஒரு எச்சரிக்கை: பாராளுமன்றத் தேர்தலில் கிளிநொச்சி மாவட்டம் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேரும். வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. பரந்தனில் நடந்த கூட்டத்தை வன்னி வேட்பாளர் கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எல்லாருக்கும் சம நேரம் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? (விசுவமடு)

செய்தியில் அது முடியாது. 2024 சனாதிபதித் தேர்தலில் 38 பேர் போட்டியிட்டார்கள். 30 நிமிடச் செய்தியை அப்படியே பிரித்தாலும் ஆளுக்கு 47 விநாடி. அன்றைக்கு மழை, விபத்து, விலைவாசி ஒன்றும் சொல்ல முடியாது. சனாதிபதித் தேர்தலில் அரச தொலைக்காட்சியும் வானொலியும் வேட்பாளர்களுக்கு இலவசமாக ஒதுக்கும் நேரம் வேறு. அங்கே சமமாகத்தான் பிரிக்க வேண்டும். செய்தியில் எதிர்பார்க்க வேண்டியது அளவுக்கேற்ற இடம், தாக்கப்பட்டவருக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு, எல்லாருக்கும் ஒரே அளவுகோல். சிறிய வேட்பாளர் ஒருவர் ஒரு நாளும் பெயர்கூடச் சொல்லப்படாமல் போனால் அதற்கு நேரமின்மையைக் காரணம் காட்ட முடியாது. திரையில் முழு வேட்பாளர் பட்டியலை ஓடவிட ஒரு நிமிடம் போதும்.

கேள்வி: பதவியிலிருப்பவர் திறப்பு விழாவுக்கு வருகிறார். அரச தொலைக்காட்சி அதை நேரடியாகக் காட்டுகிறது. அது செய்தியா, பிரசாரமா? (கிளிநொச்சி)

இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். தேர்தல் இல்லாத மாதத்தில் இதே பாலத்தை, இதே கட்டடத்தைத் திறந்திருந்தால் நேரடி ஒளிபரப்பு வந்திருக்குமா? அந்த மேடையில் அவர் அரசாங்க வேலையை விட்டு எதிராளியைப் பற்றியோ வாக்கைப் பற்றியோ பேசினாரா? பேசத் தொடங்கிய விநாடியிலிருந்து அது பிரசாரக் கணக்கில் போக வேண்டும். கொப்பியில் "பதவியில்", "வேட்பாளராக" என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் அரச அலைவரிசை எப்போதும் பிழையாகத் தெரியும். பதவிக் கணக்கை முற்றாக விட்டுவிட்டால் எப்போதும் சுத்தமாகத் தெரியும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை நிலை விளங்கும்.

கேள்வி: எங்கள் வீட்டில் அன்ரனாதான். டிஷ் இல்லை. அரச அலைவரிசை தெளிவாக இழுக்கிறது, மற்றவை புள்ளி அடிக்கிறது. இதைச் சட்டம் கேட்காதா? தொலைக்காட்சிகளுக்கு என்னதான் சட்டம் இருக்கிறது? (மல்லாவி, கமக்காரர்)

ஐயா, கோகாவில் ஒளிபரப்புக் கோபுரம் 174 மீற்றர் உயரம், 2011 யூன் மாதம் திறந்தது. 1990இல் பழைய கோபுரம் அழிந்த பிறகு நீண்டகாலம் வடக்கில் இந்த வசதி இருக்கவில்லை. அன்ரனாவைக் கோகாவில் பக்கம் திருப்பி, பனை ஓலை, மாமரக் கிளைகளுக்கு மேலே உயர்த்திப் பாருங்கள். புள்ளி குறையலாம். ஆனால் ஒரு நிறுவனம் எந்த இடத்தில் ஒலிபரப்பியை வைக்கிறது என்பது செலவைப் பொறுத்தது. அதைத் தேர்தல் சட்டம் தொடுவதில்லை. உங்களைப் போல ஒரே அலைவரிசையை நம்பியிருக்கும் வீடுகள் இருப்பதால்தான் அரச தொலைக்காட்சியின் கடமை கனமானது என்கிறோம்.

சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை, தேர்தல் காலத்தில் ஒளிபரப்பு நிறுவனங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் வழிகாட்டு நெறிகளை வழங்கத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு அதிகாரம் கொடுக்கிறது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், இலங்கை ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம், அரசுக்குச் சொந்தமான ஏனைய ஒளிபரப்பு நிறுவனங்கள் ஆகியவற்றின் தலைவர்கள் அவற்றைப் பின்பற்றக் கடமைப்பட்டவர்கள். அரச தமிழ் அலைவரிசைகளான நேத்ராவும் வசந்தமும் இதற்குள் வரும். ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமோ ரூபவாஹினியோ நெறியை மீறினால், தேர்தல் தொடர்பான ஒளிபரப்பை மட்டும் கையிலெடுக்க ஒரு தகுதிவாய்ந்த அதிகாரியை ஆணைக்குழு நியமிக்கலாம். ஆணைக்குழுவின் நெறியை நியாயமான காரணமின்றி மீறும் அரச கூட்டுத்தாபன ஊழியருக்கு ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

எழுத்தில் பலமாக இருக்கிறது. நடைமுறையில், 2010 சனாதிபதித் தேர்தலில் அப்படி ஒரு அதிகாரி நியமிக்கப்பட்டார். அரச ஊடகங்கள் அவருக்கு ஒத்துழைக்காததால் அந்த நியமனம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதிகாரம் இருந்தாலும் அதைச் செயலாக்க நிறுவனத்துக்குள் ஆள் வேண்டும்.

தனியார் பக்கம் இன்னும் தளர்வு. நெறிகள் அவர்களுக்கும் வழங்கப்படுகின்றன, ஆனால் நிருவாகத்தைக் கையிலெடுக்கும் வழி இல்லை. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்த வரைவில் அதற்கு ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்குப் பொதுசன வாக்கெடுப்புத் தேவை என்று உயர் நீதிமன்றம் சொன்னதால் அது கைவிடப்பட்டது. தனியார் தொலைக்காட்சிக்கு அனுமதிப்பத்திரம் 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிச் சட்டத்தின் கீழ் அமைச்சர் கொடுப்பது. சுயாதீனமான ஒளிபரப்பு ஒழுங்குபடுத்துநர் இந்த நாட்டில் இல்லை. 1997இல் கொண்டுவந்த ஒளிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அந்தச் சபையை அரசின் பிடியில் வைத்தது. உயர் நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரண் என்றது, சரியாகவே சொன்னது. அதற்குப் பதிலாக உண்மையில் சுயாதீனமான ஒன்றை உருவாக்காமல் இத்தனை ஆண்டு போனதுதான் குறை. உரிமம் அமைச்சர் கையில் இருக்கும்வரை தனியார் நிறுவனம் ஆட்சியைப் பார்த்தே அடியெடுத்து வைக்கும், அல்லது வரப்போகும் ஆட்சியைப் பார்த்து வைக்கும்.

நெறிகள் தேர்தல் காலத்துக்கு மட்டும் உரியவை. தேர்தல் அறிவிக்கப்படுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே ஒருவரைத் தூக்கிப் பிடித்தால் இந்த உறுப்புரை அதைப் பிடிக்காது.

கேள்வி: முறைப்பாடு எங்கே கொடுப்பது? கொடுத்தால் ஏதாவது நடக்குமா? (வவுனியா, பல்கலைக்கழக மாணவி)

கொடுக்கக் கூடாத இடங்களை முதலில் சொல்லிவிடுகிறோம், பலர் அங்கேதான் நாளை வீணாக்குகிறார்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அலைவரிசையின் தொழில்நுட்பப் பக்கத்தைப் பார்ப்பது, செய்தியின் உள்ளடக்கத்தை அல்ல. பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு பத்திரிகைகளுக்கு உரியது.

போக வேண்டிய இடம் தேர்தல் ஆணைக்குழு. கச்சேரியிலுள்ள மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலும் கொடுக்கலாம், இராஜகிரியவிலுள்ள தேர்தல் செயலகத்துக்கும் அனுப்பலாம். தேர்தல் நேரத்தில் மாவட்டந்தோறும் முறைப்பாட்டு நிலையம் திறப்பார்கள். பிரதியொன்றை அலைவரிசையின் செய்திப் பணிப்பாளருக்கும், இன்னொன்றைப் பெஃப்ரல் போன்ற கண்காணிப்பு அமைப்புக்கும் அனுப்புங்கள். ஒரே விதமான முறைப்பாடு பல மாவட்டத்திலிருந்து வருவதை அவர்களால்தான் சேர்த்துக் காட்ட முடியும்.

"இந்த அலைவரிசை எப்போதும் பக்கச்சார்பு" என்று எழுதினால் அதை வாசிக்கும் உத்தியோகத்தருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. இப்படி எழுதுங்கள்:

"மேற்படி அலைவரிசை, … ஆம் திகதி இரவுச் செய்தி. 8 மணி 7 நிமிடத்தில் தொடங்கிய செய்தி, நீளம் 1 நிமிடம் 45 விநாடி. அ கட்சி வேட்பாளர், ஆ கட்சி வேட்பாளர் பொது நிதியைக் கையாடியதாகக் குற்றஞ்சாட்டினார். ஆ தரப்பின் பதில் சேர்க்கப்படவில்லை. பதில் பெற முயன்றதாகவும் சொல்லப்படவில்லை. மறுநாள் அதே செய்தியிலும் பதில் வரவில்லை. வேண்டுவது: ஆ தரப்பின் பதில் அதே நேரச் செய்தியில், அதே அளவு நேரத்துக்கு ஒளிபரப்பப்பட வேண்டும்."

ஒரு முறைப்பாட்டில் ஒரு செய்தி. அந்தத் தேர்தலுக்கென வர்த்தமானியில் வந்த ஊடக நெறியின் எந்தப் பந்தி மீறப்பட்டது என்று சேர்த்தால் இன்னும் பலம். நெறி தேர்தலுக்குத் தேர்தல் மாறும், பழையதைப் பார்த்து எழுதாதீர்கள். செய்தியைப் பதிவு செய்து வைத்திருங்கள். திரையை இன்னொரு போனால் எடுத்த காணொளிகூடப் போதும், ஆனால் அலைவரிசையின் இலச்சினையும் நேரமும் தெரிய வேண்டும். 48 மணித்தியாலத்துக்குள் கொடுங்கள். வாக்களிப்பு நாள் நெருங்க நெருங்க, திருத்தம் வந்தாலும் அதைப் பார்க்க ஆளிருக்காது.

நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரச அலைவரிசையென்றால் விளக்கம் கேட்டுக் கடிதம் போக நல்ல வாய்ப்பு உண்டு. தனியார் என்றால் பெரும்பாலும் அழுத்தம் மட்டும். ஆனாலும் நேரமும் விநாடியும் எழுதிய முறைப்பாடு கோப்பில் இருக்கும், தேர்தலுக்குப் பிந்திய அறிக்கைகள் அந்தக் கோப்புகளிலிருந்துதான் எழுதப்படுகின்றன.

கேள்வி: பழைய கூட்டத்தின் காட்சியைப் புதிது என்று காட்டுகிறார்களோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது? (முரசுமோட்டை)

வயலைப் பாருங்கள். செப்டெம்பரில் நடந்ததாகச் சொல்லும் பரந்தன் கூட்டத்தின் பின்னால் முழங்கால் உயரப் பச்சை நெல் தெரிந்தால் அது காலபோகத்தில் எடுத்த படம். அந்த மாதத்தில் சிறுபோகம் அறுத்த வயல் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். குளத்து நீர்மட்டம், வீதியோரச் சுவரொட்டியிலுள்ள இலக்கம், ஆட்களின் குடை, நிழலின் நீளம் எல்லாம் உதவும். மாலைக் கூட்டம் என்று சொல்லி உச்சி நிழல் காட்டினால் எங்கோ பிழை.

பழைய காட்சியைக் காட்டுவது தவறில்லை, "கோப்புக் காட்சி" என்று திரையில் எழுத வேண்டும். எழுதாமல் விடுவதுதான் பிழை.

கமரா செய்யும் மற்ற வேலைகளையும் கவனியுங்கள். ஒரு கட்சியின் கூட்டம் மேலிருந்து அகலமாக, மற்றதன் கூட்டம் மேடையில் இருக்கும் நால்வரோடு நெருக்கமாக. அகலமாக எடுத்தால் ஆயிரம் பேர் பத்தாயிரமாகத் தெரிவார்கள், நெருக்கமாக எடுத்தால் ஆயிரம் பேரும் மறைந்துவிடுவார்கள். மேலிருந்து எடுத்த படம் மூன்று அலைவரிசையிலும் ஒரே மாதிரி வந்தால் அதை எடுத்தது பெரும்பாலும் கட்சியின் சொந்த ட்ரோன். பிரதேசச் செய்தியாளர்கள் பலருக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் கொடுப்பனவு. ஓட்டுசுட்டானுக்கும் மடுவுக்கும் சொந்த எரிபொருளில் போய்வருவது கட்டாது, கட்சி அனுப்பும் காணொளியை அப்படியே கொழும்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு அந்தச் செய்தியாளரைத் திட்டிப் பயனில்லை, அவருக்குப் போக்குவரத்துச் செலவு கொடுக்காத நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: "அடுத்து வெல்லப்போவது யார்" என்று தொலைக்காட்சி வீதம் போட்டுக் காட்டுகிறது. நம்பலாமா? (மாங்குளம்)

மூன்று விடயம் திரையில் இருக்கிறதா என்று பாருங்கள்: எத்தனை பேரிடம் கேட்டார்கள், எப்படித் தெரிவு செய்தார்கள், யார் பணம் கொடுத்தார்கள். எழுமாறாகத் தெரிவு செய்த 1,000 பேரிடம் ஒழுங்காகக் கேட்டால் ஏறத்தாழ 3 புள்ளி கூடக் குறைய வரலாம். அதாவது 46க்கு 44 என்றால் யார் முன்னுக்கு என்று சொல்ல முடியாது. குறுஞ்செய்தி, பேஸ்புக் வாக்கெடுப்பு எத்தனை இலட்சம் பேர் பங்குபற்றினாலும் மதிப்பில்லை, விரும்பியவர் மட்டுமே அழுத்துகிறார்.

இன்னொன்று. நாட்டில் 2024இல் பதிவான வாக்காளர் 1 கோடி 71 இலட்சம், வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 3 இலட்சத்துக்குச் சற்று மேல். 1,000 பேர் கொண்ட நாடளாவிய கருத்துக்கணிப்பில் வன்னியிலிருந்து ஏறத்தாழ 18 பேர்தான் இருப்பார்கள். அதை வைத்து "வன்னியில் இன்னார் முன்னிலை" என்று ஒரு அலைவரிசை சொன்னால் அந்த இடத்திலேயே தள்ளிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் சுயேச்சைக் குழு. எந்த ரீவியும் எங்களை எட்டிப் பார்க்கவில்லை. (நெடுங்கேணி)

நெடுங்கேணியில் பின்னேரம் வைக்கும் கூட்டத்துக்கு ஆள் வராது. காலை 10 மணிக்கு வவுனியா நகரில் செய்தியாளர் சந்திப்பை வையுங்கள், மதியத்துக்குள் காணொளி கொழும்புக்குப் போய்விடும். ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: பெயர்கள் எழுத்துப் பிழையின்றி, இலக்கம், சின்னம், சொல்ல வந்த ஒரே ஒரு விடயம். போனைக் கிடையாகப் பிடித்து 30 முதல் 40 விநாடி வரை ஒருவர் மட்டும் பேசும் காணொளி ஒன்று, பாட்டோ எழுத்தோ சேர்க்காமல். காற்றுச் சத்தம் விழுந்தால் அதை எந்தச் செய்தி அறையும் எடுக்காது, சுவர்ப் பக்கம் நின்று பேசுங்கள். சிங்களத்திலும் ஒருவர் பேசிய 20 விநாடி இருந்தால் தெற்கு அலைவரிசைகளும் எடுக்க வாய்ப்புண்டு.

அரச ஊடகத்தில் உங்களுக்கு இலவச நேரம் உண்டா என்று வேட்புமனு ஏற்கப்பட்ட உடனேயே தெரிவத்தாட்சி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் திகதி எழுதி வையுங்கள். ஐந்து முறை அனுப்பி ஒன்றும் வரவில்லை என்ற பட்டியல் முறைப்பாட்டுக்கு நல்ல ஆதாரம். செய்தியாளருக்குப் பணம் மட்டும் கொடுக்காதீர்கள். அடுத்த தேர்தலில் உங்களைவிடக் கூடக் கொடுப்பவர் ஒருவர் வருவார்.

கேள்வி: நேர்காணல் போல இருக்கிறது, ஆனால் கேள்வி எல்லாம் புகழ்ச்சி. பணம் கொடுத்துச் செய்ததா? (செட்டிகுளம்)

இருக்கலாம். "விளம்பரம்" அல்லது "அனுசரணை" என்ற எழுத்து எங்காவது ஓடுகிறதா, அதே நிகழ்ச்சி இன்னொரு அலைவரிசையிலும் வருகிறதா, இடைமறிக்கும் ஒரு கேள்வியாவது இருந்ததா என்று பாருங்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி வேட்பாளர் தம் செலவு அறிக்கையை முடிவு வெளியாகி 21 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 2024 சனாதிபதித் தேர்தலில் உச்ச வரம்பு ஒரு வாக்காளருக்கு 109 ரூபா, மொத்தம் 186 கோடிக்கு மேல். நீங்கள் பார்த்த நிகழ்ச்சியின் திகதி, நேரம், நீளத்தை எழுதி வைத்து, பிறகு அந்த அறிக்கையில் அது இருக்கிறதா என்று தேடலாம். அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்வையிடலாம். தேடிப் பார்ப்பவர் குறைவு, அதனால்தான் துணிந்து செய்கிறார்கள்.

கேள்வி: பிரசாரம் முடிந்த பிறகும் தொலைக்காட்சியில் தலைவர்கள் வருகிறார்களே? (துணுக்காய்)

2024 பாராளுமன்றத் தேர்தல் நவம்பர் 14இல். பிரசாரம் 11ஆம் திகதி நள்ளிரவோடு முடிந்தது. இடைப்பட்ட இரண்டு நாளில் செய்தி வரலாம், வாக்குக் கேட்டல் வரக் கூடாது. ஒரு தலைவர் கோயிலுக்குப் போனதை 10 விநாடி காட்டுவது செய்தி. அவரது பழைய மேடைப் பேச்சை 3 நிமிடம் ஓட்டுவது பிரசாரம். அந்த இரண்டு நாளில் கண்டதை உடனே மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேராது.

கேள்வி: லண்டனிலிருக்கும் மகன், அங்கே ரீவியில் கட்சி விளம்பரமே இல்லை என்கிறான். உண்மையா? (முல்லைத்தீவு)

உண்மைதான் அம்மா. பிரித்தானியாவில் கட்சிகள் பணம் கொடுத்துத் தொலைக்காட்சி விளம்பரம் செய்யச் சட்டம் விடாது. அதற்குப் பதில் கட்சிகளுக்கு இலவச நேரம் உண்டு. ஒவ்கொம் என்ற ஒழுங்குபடுத்துநர் அலைவரிசைகளைப் பார்க்கிறது. ஒரு தொகுதியைப் பற்றி விரிவாகச் செய்தி போட்டால் அங்கே நிற்கும் எல்லா வேட்பாளர் பெயரையும் சொல்ல வேண்டும். வாக்களிப்புத் தொடங்கியதும் தேர்தல் விவாதம் நிற்க வேண்டும். அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்று 1949இல் கொண்டுவந்த கோட்பாட்டை 1987இல் கைவிட்டார்கள், அதன் பிறகு அலைவரிசைகள் கட்சிக்குக் கட்சி பிரிந்தன. எங்களுக்குப் பொருந்துவது பிரித்தானிய முறைதான் என்பது எங்கள் அபிப்பிராயம். பணமுள்ளவர் திரையை வாங்க முடியாத நாட்டில்தான் நெடுங்கேணிச் சுயேச்சைக் குழுவுக்கும் ஒரு இடம் கிடைக்கும்.

கேள்வி: அரச தொலைக்காட்சி யாருக்கு எவ்வளவு நேரம் கொடுத்தது என்று அவர்களிடமே கேட்க முடியுமா? (நானாட்டான்)

முடியும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அரச தொலைக்காட்சிக்கும் பொருந்தும். நிறுவனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. "நேரம் பற்றிய விபரம்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை இரவுச் செய்தியின் ஓட்டப் பட்டியல் (எந்தச் செய்தி எந்த வரிசையில், எவ்வளவு நேரம் என்ற பட்டியல்), ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒதுக்கிய இலவச நேரமும் ஒளிபரப்பிய நேரமும், கட்டண அரசியல் விளம்பரத்தின் நீளமும் கட்டணமும் என்று பிரித்துக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அடுத்த 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. தேர்தலுக்குள் பதில் கையில் வராது என்பதை நினைத்துக்கொண்டே விண்ணப்பியுங்கள். வந்ததும் உங்கள் கொப்பியின் 7 நாள் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், எந்த நாளில் வித்தியாசம் என்று குறித்து எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.